இங்கே வந்து இதைப் பாரேன்: வேடிக்கைத் தளங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் கண்ணில் படும் வேடிக்கையான தளங்களை வீட்டில் உள்ளவர்களுக்கும் உறவினர்களுக்கும் அனுப்புவது எனக்குப் பல வருடப் பழக்கம். அதனால் என்னிடம் இரண்டு விதமான கேள்விகள் வரும். "இதுபோல இன்னும் என்ன இருக்கிறது?" என்பது ஒன்று. "இதில் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியவில்லை, என்ன செய்வது?" என்பது இன்னொன்று. பலருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவைத்தால் பயன்படும் என்று தோன்றியது.

வேடிக்கைத் தளம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பெரிய பயன் எதையும் கருதாமல், பார்ப்பவர் ஒரு நிமிடம் சிரிக்கட்டும், 'அட!' என்று சொல்லட்டும் என்று யாரோ ஆசைப்பட்டுச் செய்துவைத்த தளத்தைத்தான். 'பாயின்டர் பாயின்டர்' என்று ஒன்று இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு வடிவமைப்புக் குழு செய்தது. மவுஸைத் திரையில் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்துங்கள். சரியாக அந்த இடத்தை விரலால் சுட்டிக்காட்டும் ஒருவருடைய புகைப்படம் வந்து நிற்கும். நகர்த்தினால் வேறொரு படம், வேறொரு விரல். தளம் மொத்தமும் அவ்வளவுதான். ஆனால் முதல்முறை பார்க்கிறவர் யாரும் உடனே மூடியதை நான் பார்த்ததில்லை. மேல் மூலைக்கு, கீழ் மூலைக்கு, ஓரத்துக்கு என்று மவுஸைக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் விரல் சரியாக வந்து நிற்கும்.

இந்த ஆசை வலையின் ஆரம்ப நாட்களிலேயே இருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில், வேறு அறைகளில் இருந்தவர்கள் அவ்வளவு தூரம் நடந்துபோய்க் காலிக் குடுவையைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று, 1991-இல் காபிக் குடுவைக்கு எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். 1993-இல் அந்தப் படம் வலைக்கு வந்தது. எங்கெங்கோ இருந்தவர்கள், அந்தக் காபியை ஒருநாளும் குடிக்கப்போகாதவர்கள், திறந்து திறந்து பார்த்தார்கள். 2001-இல் கேமராவை அணைத்தபோது அது பத்திரிகைச் செய்தியாக வந்தது.

ஒன்றன்பின் ஒன்றாகத் தானே வந்து விழும் குறும்வீடியோக்களை இந்தக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

என்ன சொன்னாலும் இது நேரத்தை வீணாக்குவதுதானே?

எல்லா நேரத்திலும் இல்லை என்பதுதான் என் பதில். ஜன்னலோரம் நின்று எதையாவது வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறோம். சுவாரஸ்யமாக ஒன்று கண்ணில் பட்டதும் என்ன செய்கிறோம்? உள்ளே இருப்பவரைக் கூப்பிட்டு, "இங்கே வந்து இதைப் பாரேன்" என்கிறோம். அவர் வருவதற்குள் அது மறைந்துவிட்டால் நமக்கு வருத்தமாகக்கூட இருக்கிறது. கூப்பிட்டு, அவரும் வந்து பார்த்த பிறகுதான் வேடிக்கை முழுமையாகிறது.

திரையில் பார்க்கும் வேடிக்கைக்கும் நான் இதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன். மூடிவைத்த பிறகு, "இதை இன்னாரிடம் காட்ட வேண்டும்" என்று ஒரு முகம் நினைவுக்கு வந்தால் அந்த நேரம் வீணில்லை. நாற்பது நிமிடம் பார்த்தும் யாரிடமும் சொல்வதற்கு எதுவுமே தேறவில்லை என்றால், அது வீண்தான். அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

ஐந்து நிமிடம் என்று உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. ஏன் இப்படி?

தங்களுக்கு மன உறுதி இல்லை என்று பலர் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அது நியாயமில்லை. இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டுமே நமக்கு வெளியே இருப்பவை.

ஒன்று, பக்கத்துக்கு அடி இல்லாமல் போனது. முன்பெல்லாம் பக்கத்தின் கீழே 'அடுத்தது' என்று ஒரு பொத்தான் இருக்கும். அங்கே கை ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் 'சரி, போதும்' என்று தோன்ற ஒரு வாய்ப்பு இருந்தது. 2006-இல் ஏஸா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே போகப் போகப் புதிது தானாகவே வந்து சேரும் முடிவில்லா ஸ்க்ரோலை உருவாக்கினார். பயன்படுத்துபவருக்கு ஒரு கிளிக் மிச்சமாகட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்ததுதான். பிற்பாடு அது என்ன ஆனது என்று பார்த்துவிட்டு, அதற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். தன் கண்டுபிடிப்பைப் பற்றி அப்படிப் பேசுகிறவர்கள் குறைவு. அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

இரண்டாவது, அடுத்து வருவது நன்றாக இருக்குமா இருக்காதா என்று தெரியாமல் இருப்பது. உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் பிரபலமானவை. கொத்தினால் சில சமயம் தீனி வரும், சில சமயம் வராது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இந்த ஏற்பாட்டில்தான் புறாக்கள் ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தன, தீனியை நிறுத்திய பிறகும்கூட வெகுநேரம். குறும்வீடியோ வரிசையும் அதே ஏற்பாடுதான். பத்தில் ஒன்பது சுமார், ஒன்று பிரமாதம். அந்த ஒன்று எப்போது வரும் என்று தெரியாததால் கட்டைவிரல் நிற்பதில்லை.

நல்ல தளங்களுக்கும் இந்தக் குணம் உண்டு. 'ஸ்டம்பிள்அப்பான்' நினைவிருக்கிறதா? 2001-இல் தொடங்கி 2018-இல் மூடப்பட்டது. ஒரு பொத்தானை அமுக்கினால் நம் விருப்பத்துக்கு ஏற்ற ஏதோ ஒரு தளத்தில் கொண்டுபோய் விடும். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து இரண்டு மணிக்கு எழுந்த நாட்கள் எனக்கு உண்டு. ஒருநாள் காலையில், நேற்று இரவு என்னென்ன பார்த்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நூறு தளங்களாவது பார்த்திருப்பேன். நினைவில் இருந்தவை இரண்டே இரண்டு. இரண்டுமே அக்காவுக்கு நான் அனுப்பியவை. இந்தப் பக்கத்தில் நான் சொல்வது எல்லாமே அந்தக் காலையிலிருந்து வந்ததுதான்.

எப்படி நிறுத்துவது?

எனக்குப் பயன்பட்ட வழி ஒன்றுதான்: அனுப்பத் தகுந்த ஒன்று கிடைத்ததும் எழுந்துவிடுவது. தேடப் போகிறேன், ஒன்று கிடைக்கிறது, இன்னாருக்கு என்று அனுப்புகிறேன், மூடிவிடுகிறேன். கடிகாரத்தில் அலாரம் வைத்துப் பார்த்தேன். அது அடித்தபோதெல்லாம் எதையோ பாதி பார்த்துக்கொண்டிருப்பேன், அணைத்துவிட்டுத் தொடர்வேன். 'ஒன்று கிடைத்தால் போதும்' என்ற கணக்கு அப்படி இல்லை. வேலை முடிந்த உணர்வோடு எழுந்துகொள்ள முடிகிறது.

அதோடு, அடி இருக்கிற தளங்களைத் தேர்ந்தெடுங்கள். நாளுக்கு ஒரே ஒரு புதிர் தருவது, கீழே போனால் தரை தட்டுவது, ஒரு சுற்றுக்கு ஆறு கேள்வி என்று முடிவது. இரவில் படுக்கையில் போனில் பார்ப்பதைவிட, உட்கார்ந்து லேப்டாப்பில் பார்ப்பது நல்லது. பெரிய திரை என்றால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடமும் இருக்கும்.

குடும்பத்தில் யாருக்கு எதை அனுப்பலாம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பொதுவான பட்டியல் உதவாது, ஆளைப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். இருந்தாலும் என் அனுபவத்தில் யாருக்கு எது ஒட்டிக்கொண்டது என்று சொல்கிறேன்.

வயதானவர்களுக்கு 'ரேடியோ கார்டன்'. 2016-இல் நெதர்லாந்தில் உருவானது. திரையில் பூமி உருண்டை சுழலும். அதன்மேல் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வானொலி நிலையம். புள்ளியின் மேல் நிறுத்தினால் அந்த ஊரில் அந்த நொடியில் ஒலிபரப்பாவது கேட்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது, பழைய ரேடியோவில் குமிழைத் திருப்புகையில் வருமே, அந்தக் கரகரப்பும் வரும். சித்தப்பாவுக்கு அந்தக் கரகரப்பே போதுமாக இருந்தது. அவர் வானொலியோடு வளர்ந்தவர். பெருங்கடலின் நடுவில் ஒரு தீவில் தனியாக ஒரு புள்ளி இருப்பதைக் கண்டுபிடித்து, "அங்கே இப்போது விடியற்காலையாக இருக்கும், யாரோ ஒருத்தர் தூங்காமல் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்" என்றார். எத்தனையோ பேர் அதே தளத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த வாக்கியம் அவருக்குத்தான் வரும்.

சின்னக் குழந்தைகளுக்கு 'குவிக், டிரா!'. கூகுள் 2016-இல் வெளியிட்டது. ஒரு பொருளின் பெயரைச் சொல்லும். இருபது விநாடிக்குள் நீங்கள் கிறுக்க வேண்டும். நீங்கள் வரைய வரையக் கணினி யூகித்துக்கொண்டே வரும். மக்கள் இப்படி வரைந்ததில் ஐந்து கோடிக்கும் அதிகமான படங்களை, 345 வகைகளாகப் பிரித்து, ஆய்வாளர்கள் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் அதே பொருளை எப்படி வரைந்தார்கள் என்று சுற்று முடிந்ததும் காட்டும். அதைக் கட்டாயம் குழந்தையோடு சேர்ந்து பாருங்கள். உலகம் முழுக்க எல்லோரும் பூனைக்கு முதலில் காதைத்தான் வரைகிறார்களா, மீசையையா என்று ஆராய்ச்சியில் இறங்கிவிடுவார்கள்.

பதின்வயதினருக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்து ஆட 'ஜியோகெஸர்'. 2013-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆன்டன் வாலன் உருவாக்கியது. முகவரி சொல்லாமல் உலகில் ஏதோ ஒரு சாலையில் நிறுத்திவிடும். சுற்றிலும் பார்த்து, எந்த இடம் என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். இலவசமாக ஆட வரம்பு உண்டு. ஆனால் ஒரு சுற்றே ஒரு மாலைக்குப் போதும். இதில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கவனிப்பார்கள் என்பதுதான் விசேஷம். ஒருவர் பெயர்ப்பலகையின் எழுத்தைப் பார்ப்பார், ஒருவர் வண்டிகள் சாலையின் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்ப்பார், ஒருவர் மரத்தையும் மண்ணையும் மட்டுமே பார்ப்பார். அதிகம் பேசாத ஆள் திடீரென்று, "இது பூமத்திய ரேகைக்குத் தெற்கே, நிழல் விழும் திசையைப் பார்" என்பார். உடன் பிறந்தவரைப் பற்றியே அதுவரை தெரியாத ஒன்று தெரியவரும்.

விலங்குப் பிரியர்களுக்கு அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்கா. அங்கே ப்ரூக்ஸ் ஆற்றில் கரடிகள் சால்மன் மீன் பிடிப்பதைக் கேமரா வழியே நேரலையில் பார்க்கலாம். குளிர்காலம் முழுக்க அவை உண்ணாமல் குகையில் கிடக்கும். அதற்குள் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை இழந்துவிடும் என்பதால் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் தின்று தின்று பெருக்கும். 2014-இல் ஒரே ஒருநாள் நிகழ்ச்சியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டிலிருந்து ஒரு வாரம் நடக்கும் 'ஃபேட் பேர் வீக்' வாக்கெடுப்பில், எந்தக் கரடி நன்றாகக் கொழுத்திருக்கிறது என்று உலகெங்கும் மக்கள் வாக்களிக்கிறார்கள். ஜூலையில் எலும்பும் தோலுமாக இருந்ததும் செப்டம்பரில் உருண்டு திரண்டதும் பக்கம் பக்கமாகப் படத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் ஆளுக்கொரு கரடியைப் பிடித்துக்கொண்டு வாதாடும் வாரம் அது.

வேர்டில் போன்ற சொற்புதிரை எல்லோரும் பகிர்கிறார்களே, அதுவும் இதில் சேருமா?

கட்டாயம் சேரும். நாளுக்கு ஓர் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை யூகித்துக் கண்டுபிடிக்கும் ஆட்டம் வேர்டில். அது பிறந்ததே வீட்டுக்குள்தான். ஜாஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர், சொல் விளையாட்டில் ஆர்வமுள்ள தன் துணைவிக்காக அதைச் செய்தார். பன்னிரண்டாயிரம் ஐந்தெழுத்துச் சொற்களிலிருந்து ஆட்டத்துக்கு ஏற்றவற்றை மட்டும் சலித்துக் கொடுத்தது அந்தத் துணைவிதான். இருவரும் ஆடினார்கள். அப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பகிர்ந்தார், சொந்தக்காரர்கள் விடவில்லை. பிறகுதான் 2021 அக்டோபரில் ஊருக்குத் திறந்துவிட்டார். நவம்பர் முதல் தேதி ஆடியவர்கள் 90 பேர். இரண்டு மாதத்தில் மூன்று லட்சத்தைத் தாண்டியது. 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டது.

அதில் எனக்குப் பிடித்தது, பகிர்வதற்கென்று அது தரும் பச்சை மஞ்சள் கட்டங்கள். விடையைக் காட்டிக்கொடுக்காமல், தட்டுத்தடுமாறி எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை மட்டும் காட்டும். தூரத்தில் தனியாக இருக்கும் ஒருவரிடமிருந்து தினமும் காலையில் அந்தக் கட்டங்கள் வந்தால், எழுந்துவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். ஒருநாள் வராவிட்டால் போன் செய்து கேட்கலாம். பல வீடுகளில் இது அப்படித்தான் பயன்படுகிறது.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அவருக்கு என்ன அனுப்புவது?

படிக்கவே தேவையில்லாதவை நிறைய இருக்கின்றன. மேலே சொன்ன கரடிக் கேமரா, ரேடியோ கார்டன், பாயின்டர் பாயின்டர் எதற்கும் மொழி வேண்டாம். 'விண்டோஸ்வாப்' என்று ஒன்று உண்டு. 2020-இல் ஊரடங்கின்போது சிங்கப்பூரில் இருந்த ஒரு தம்பதி தொடங்கியது. உலகில் எங்கோ ஒருவர் தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தெரிவதைப் பத்து நிமிடம்போல அப்படியே படம்பிடித்து அனுப்பியிருப்பார். மழை பெய்யும், கொடியில் துணி ஆடும், ஒரு பூனை வந்து உட்காரும். எதுவும் நடக்காது. என் அம்மாவுக்கு இது எவ்வளவு பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "இந்த வீட்டில் செடிக்குத் தண்ணீர் விட்டே நாளாகிறது" என்று கவலைப்படுவார்.

முதல் இரண்டு மூன்று முறை லிங்க் மட்டும் அனுப்பிவிட்டு விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து திறந்துகாட்டுங்கள். வழியில் வரும் குக்கி அனுமதிப் பெட்டி, விளம்பரம், 'ஆப் இறக்கிக்கொள்ளுங்கள்' என்ற அழைப்பு எல்லாம் பழக்கமில்லாதவரைத் தயங்கவைக்கும். நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. எது எதற்கு, எதை மூடலாம் என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்து, போனின் முகப்பில் ஒரு குறுக்குவழியும் வைத்துக்கொடுத்தால் போதும்.

குடும்பக் குரூப்பில் அனுப்பினால் யாரும் கண்டுகொள்வதில்லையே?

குரூப்பில் அனுப்பாதீர்கள். ஒருவருக்கு அனுப்புங்கள்.

இருபது பேருக்குப் போவது யாருக்கும் வந்ததாக இருக்காது. ஆளாளுக்கு, வேறு யாராவது பதில் போடுவார்கள் என்று விட்டுவிடுவார்கள். அதே லிங்கை ஒருவருக்கு, ஒரே ஒரு வரியோடு அனுப்பிப் பாருங்கள். "அண்ணா, நீ சின்ன வயதில் அட்லஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, இதைத் திறந்து பார்." அந்த வரி இல்லாவிட்டால் அது வெறும் லிங்க். அது இருந்தால், வேடிக்கையைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது என்ற சேதி. பதில் வராமல் இருக்காது.

வாரத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. அதற்கு மேல் போனால் நல்லதையும் திறக்கமாட்டார்கள்.

அனுப்பினேன். "ம்" என்று மட்டும் பதில் வந்தது.

பரவாயில்லை. பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டீர்கள், அடுத்தது இன்னும் சரியாக இருக்கும். "பார்த்தாயா, பார்த்தாயா" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்பா தினமும் முப்பது ஃபார்வர்டு அனுப்புகிறார். அதில் பாதி பொய். என்ன செய்வது?

முதலில், அவர் ஏன் அனுப்புகிறார் என்று பாருங்கள். நாம் லிங்க் அனுப்புவதும் அவர் ஃபார்வர்டு அனுப்புவதும் ஒரே காரணத்துக்காகத்தான். கண்ணில் பட்டதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அதில் ஒன்றையாவது திறந்து பார்த்து, நன்றாக இருந்தால் என்ன பிடித்தது என்று எழுதுங்கள். வெறும் கட்டைவிரல் படம் போடாதீர்கள். பதில் கிடைக்கக் கிடைக்க எண்ணிக்கை தானாகவே குறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

பொய்யான செய்தி என்றால் குரூப்பில் வைத்துத் திருத்த வேண்டாம். நாலு பேர் முன்னால் திருத்தினால் செய்தி மறந்துபோகும், அவமானம் நிற்கும். தனியாகப் போன் செய்து, "அப்பா, அது பழைய படம், வேறு இடத்தில் எடுத்தது, நான் தேடிப் பார்த்தேன்" என்று சொல்லுங்கள். கூடவே ஓர் அடையாளத்தையும் சொல்லிக்கொடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஐந்து கை மாறி வந்திருந்தால் அதன் மேல் இரட்டை அம்புக்குறியோடு 'பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று வரும். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மேல் அனுப்பவும் முடியாது. "இரட்டை அம்பு வந்தால் எனக்கு மட்டும் அனுப்புங்கள், சரிபார்த்துச் சொல்கிறேன்" என்று என் அப்பாவிடம் சொல்லி வைத்தேன். இப்போது அவரே பாதியைச் சரிபார்த்துவிட்டு, மீதியைத்தான் அனுப்புகிறார்.

'நீங்கள் எந்த விலங்கு?' போன்ற வினாடி வினாக்களை உறவினர்கள் அனுப்புகிறார்கள். ஆடலாமா?

ஆடுவதற்கு முன், அது என்ன கேட்கிறது என்று பாருங்கள். ஃபேஸ்புக்கில் நுழையச் சொன்னால், நண்பர்கள் பட்டியலுக்கு அனுமதி கேட்டால் மூடிவிடுங்கள். 2014-இல் 'திஸ் இஸ் யுவர் டிஜிட்டல் லைஃப்' என்ற குணநலன் வினாடி வினாவைச் செய்தவர்கள் சுமார் 2,70,000 பேர்தான். அவர்களுடைய நண்பர்கள் வழியாக 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலான விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்று 2018-இல் ஃபேஸ்புக்கே சொன்னது. ஒருவர் பொழுதுபோக்காகக் கிளிக் செய்ததற்கு அவருடைய சொந்தபந்தமெல்லாம் விலை கொடுத்தார்கள்.

இன்னொரு வகை, 'உங்கள் முதல் நாய்க்குட்டியின் பெயரும் பிறந்த தெருவின் பெயரும் சேர்ந்தால் உங்கள் நட்சத்திரப் பெயர்' என்பது. கடவுச்சொல் மறந்தால் கேட்கும் ரகசியக் கேள்விகளுக்கான விடைகள் அவை. அதை அனுப்பிய அத்தைக்கும் சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளிடம் கொடுக்கலாமா?

நீங்கள் முழுக்கப் பார்த்த தளத்தைக் கொடுக்கலாம். தற்செயலாக எங்காவது கொண்டுபோய் விடும் பொத்தான் தளங்களைத் தனியாகக் கொடுக்க வேண்டாம். முன்பின் தெரியாதவர்களோடு அரட்டை அடிக்கும் வசதி உள்ள ஆட்டங்களையும்.

என் பையன் நாள் முழுக்க இப்படி எதையாவது கிளறிக்கொண்டிருக்கிறான். கவலையாக இருக்கிறது.

அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறானா, கிளறிக்கொண்டிருக்கிறானா? நீங்கள் எழுதிய சொல் இரண்டாவது. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

2024 ஜூனில் நோலன் ராயல்டி என்ற நிரலாளர் 'ஒன் மில்லியன் செக்பாக்ஸஸ்' என்று ஒரு தளம் போட்டார். பத்து லட்சம் சின்னக் கட்டங்கள். யார் ஒன்றை டிக் செய்தாலும் உலகில் எல்லோருக்கும் அது டிக் ஆகும். அதைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. இரண்டு வாரத்தில் 65 கோடி முறைக்கு மேல் டிக் செய்யப்பட்டன. ஒருநாள் அவர் தரவைப் பார்த்தபோது, எங்கிருந்து வந்தது என்று புரியாத ஓர் இணைய முகவரி தெரிந்தது. யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று முதலில் பயந்தார். பிறகுதான் புரிந்தது. டிக் என்றால் 1, இல்லை என்றால் 0 என்று வைத்து, கட்டங்களுக்குள்ளேயே பைனரியில் அந்த முகவரியை எழுதிவைத்திருக்கிறார்கள். கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் வந்து சேரட்டும் என்று. எழுதியவர்களில் பலர் பதின்வயதுப் பிள்ளைகள். கட்டங்களை வைத்து அவர்கள் படங்கள் வரைந்தார்கள், அசையும் படங்கள்கூடச் செய்தார்கள். ராயல்டி அவர்களைத் தடுக்கவில்லை. தானும் சின்ன வயதில் இப்படி எதையாவது நோண்டித்தான் நிரல் எழுதக் கற்றுக்கொண்டதாக நெகிழ்ந்து எழுதினார்.

2048 என்ற எண் விளையாட்டை 2014-இல் கேப்ரியேல் சிருல்லி ஒரு வாரக்கடைசியில் எழுதியபோது அவருக்கு வயது 19. அதனால் பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இது எப்படி வேலை செய்கிறது, எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். காட்டத் தெரிந்தால் அவனை விடுங்கள். காட்டுவதற்கு ஒன்றுமே இல்லாமல் விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், அப்போது பேச வேண்டும், அதுவும் திட்டாமல். அந்த வரிசையில் மாட்டிக்கொள்வது பெரியவர்களுக்கும் நடப்பதுதான் என்று சொல்லித் தொடங்குங்கள்.

வேலை நேரத்தில் பார்க்கலாமா?

இடைவேளையில் ஒன்று. அலுவலகக் கணினியில் தெரியாத லிங்கைத் திறக்க வேண்டாம், உங்கள் போனில் பாருங்கள்.

முன்பு குடும்பமாக ஆடிய ஒரு தளம் இப்போது திறக்கவில்லை. கிடைக்குமா?

ஃபிளாஷில் செய்ததாக இருக்கும். பிரவுசரில் விளையாட்டுகளையும் கார்ட்டூன்களையும் ஓட்டிய பழைய மென்பொருள் அது. அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் அது ஓடவே இல்லை. ஒரு தலைமுறையின் விளையாட்டுகளும் கார்ட்டூன்களும் ஒரே நாளில் இருண்டுபோயின. ஆனால் கைவிட வேண்டாம். 'ஃபிளாஷ்பாயின்ட்' என்ற தன்னார்வலர் திட்டம் ஏராளமானவற்றைச் சேமித்து வைத்திருக்கிறது. 'ரஃபிள்' என்ற மென்பொருள் பழைய ஃபிளாஷை இப்போதைய பிரவுசரிலேயே ஓட்டுகிறது. இன்டர்நெட் ஆர்கைவும் அதைப் பயன்படுத்திப் பல விளையாட்டுகளை அப்படியே ஆடும்படி வைத்திருக்கிறது. பெயர் மறந்துவிட்டால் நினைவிருக்கும் காட்சியைத் தம்பி தங்கைகளிடம் விவரித்துக் கேளுங்கள். பெயரை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் வீட்டிலேயே கடைக்குட்டிதான். சாதாரணப் பக்கம் என்றால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் 'வேபேக் மெஷினில்' அதன் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள்.

இப்போது இருப்பவையும் என்றைக்கும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பல தளங்கள் ஒரே ஒருவரின் கைப்பணத்தில் ஓடுகின்றன. மிகவும் பிடித்துப்போனால், செய்தவருக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் எழுதியிருக்கிறேன். "பாட்டியோடு சேர்ந்து பார்த்தோம்" என்ற ஒரு வரிக்கு ஒருவர் நீளமாகப் பதில் போட்டார், பாட்டி என்ன சொன்னார் என்று கேட்டு.

தூரத்தில் இருக்கும் அக்காவோடு சேர்ந்து பார்க்க வழி உண்டா?

வீடியோ அழைப்பில் திரையைப் பகிரலாம். ஆனால் ஒருவர் ஓட்ட, மற்றவர் பார்க்க மட்டும் வேண்டியிருக்கும். என் அனுபவத்தில் அதைவிட நல்லது, இருவரும் அவரவர் வீட்டில் ஒரே தளத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, போனில் வெறும் குரலில் பேசுவது. "நீ எங்கே இருக்கிறாய்?" "கொஞ்சம் கீழே வா." "பார்த்தாயா?" இப்படிப் போகும்.

இப்போதே திறந்து பார்க்க ஒன்று சொல்லுங்களேன்.

ஜாஷ் வொர்த் என்பவர் 2014-இல் செய்த 'இஃப் த மூன் வேர் ஒன்லி ஒன் பிக்சல்'. நிலவை ஒரே ஒரு பிக்சல், அதாவது திரையின் மிகச் சிறிய ஒரு புள்ளி, என்று வைத்துக்கொண்டு, அதே அளவில் சூரியக் குடும்பம் முழுவதையும் ஒரே பக்கத்தில் வரைந்திருக்கிறார். இடது ஓரத்தில் சூரியன். வலப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கறுப்பு, கறுப்பு, வெகுநேரம் கறுப்பு. நடுநடுவே அந்த வெறுமையைப் பற்றி ஒரு வரி எழுதிவைத்திருப்பார். அப்புறம் மறுபடி கறுப்பு. பூமி வருவதற்குள் சுமார் 43,000 பிக்சல் கடந்திருப்பீர்கள். அதன் பக்கத்தில், சுமார் 110 பிக்சல் தள்ளி, ஒரு தூசிபோல நிலவு.

மேலே கிரகங்களின் சின்னங்கள் இருக்கும், அமுக்கினால் நேராகத் தாவிவிடலாம். தாவ வேண்டாம். வீட்டில் யார் சும்மா இருக்கிறார்களோ அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கையாலேயே நகர்த்துங்கள். கை வலித்தால் அவரிடம் கொடுங்கள். செவ்வாயிலிருந்து வியாழன் வரும்வரை அந்த வரிகளைத் தவிரத் திரையில் பார்க்க எதுவுமே இருக்காது. அந்த இடைவெளியில்தான் நானும் அக்கா மகளும் அவள் புதுப் பள்ளியில் சேர்ந்ததைப் பற்றி முதன்முறையாகப் பேசினோம்.